விரும்பி மிதிப்பவர்கள்

'அமெச்சூர்' என்ற சொல் நம்மிடையே பெரும்பாலும் வசையாகவே புழங்குகிறது. ஒரு நாடகத்தையோ திரைப்படத்தையோ குறைகூற நேர்ந்தால் 'அமெச்சூர்த்தனமாக இருக்கிறது' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தமிழாக்க முற்பட்டவர்கள் 'பயில்முறை' என்றார்கள். பேச்சில் அது 'கற்றுக்குட்டி' ஆயிற்று. இரண்டிலும் ஒரே எண்ணம் ஒளிந்திருக்கிறது. இவர் இன்னும் பயின்றுகொண்டிருக்கிறார், பயின்று முடித்தால் தொழில்முறைக்குப் போய்விடுவார், போகாவிட்டால் அது அவருடைய போதாமை என்பதே அவ்வெண்ணம். சொல்லின் பிறப்போ வேறு. விரும்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து, அங்கிருந்து நம்மிடம் வந்த சொல் அது. 'விரும்புகிறவர்' என்பதே அதன் நேர்ப்பொருள். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, பிழைப்புக்கு வேறு தொழில் வைத்திருந்தவர்கள் விருப்பத்தின் பொருட்டே மேடையேறினார்கள். அன்று அச்சொல்லுக்கு நம் ஊரிலும் ஒரு மதிப்பு இருந்தது.

அந்த மதிப்பை மீட்டெடுக்க வேண்டும் என்பது நம் கட்சி. அதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்வது இலக்கியத்திலிருந்து அன்று, மிதிவண்டிப் பந்தயத்திலிருந்து. ஊதியமில்லாமல் எழுதியும் படித்தும் பழகிய நமக்கு, ஊதியமில்லாமல் மிதித்தவர்களின் வாழ்க்கை அந்நியமாக இராது. மேலும், இன்று மிதிவண்டி பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அது உடல்நலத்தில் தொடங்கி உடல்நலத்திலேயே முடிந்துவிடுகிறது. அமெச்சூர் மிதிவண்டிக்காரரின் வாழ்க்கையை உடல்நலக் கணக்கில் வரவு வைப்பது அவ்வாழ்க்கையைப் பிழையாகப் புரிந்துகொள்வது என்று நாம் கருதுகிறோம். அக்கணக்கை அறவே மறந்துவிடுவதும் பிழையே. இவ்விரண்டு பிழைகளுக்கும் நடுவே இருக்கும் இடத்தைப் பற்றியே இக்கட்டுரை.

* * *

பிரிட்டனின் மிதிவண்டிப் பந்தய வரலாறு விசித்திரமானது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் வீரர்கள் கூட்டங்கூட்டமாக நெடுஞ்சாலைகளில் போட்டியிட, பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்நாட்டு மிதிவண்டிச் சங்கம் சாலைப் பந்தயங்களுக்குத் தடை விதித்துவிட்டது. குதிரை வண்டிக்காரர்களின் பகையும் காவல்துறையின் கெடுபிடியும் சேர்ந்து, மிதிவண்டியைச் சாலையில் ஓட்டும் உரிமையே பறிபோய்விடுமோ என்ற அச்சத்தை உண்டாக்கியிருந்தன. அந்நிலையில் எஃப்.டி. பிட்லேக் என்பவர் ஒரு மாற்று வழி கண்டார். அவர் வகுத்த முறையில் முதல் போட்டி 1895 அக்டோபர் 5 அன்று இலண்டனுக்கு வடக்கே நடந்தது. எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதற்குப் பதிலாக, இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவார்கள். குறித்த தொலைவை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறாரோ அவரே வென்றவர். முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போவதற்கும் அனுமதி கிடையாது. ஆள் நடமாட்டம் குறைந்த விடியற்காலையே போட்டிக்குரிய வேளை. வெளியார் கண்ணில் படாதிருக்கக் கழுத்து முதல் கணுக்கால் வரை கருப்பு உடை. போட்டி நடக்கும் சாலை எது என்பது ஓர் எழுத்தும் சில எண்களுமாகச் சங்கேதத்தில் குறிக்கப்படும். நாளிதழ்களுக்கு முன்னறிவிப்புக் கிடையாது.

பார்வையாளர் இல்லாத, பரிசுப்பணம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத, ஏறக்குறைய இரகசியமான ஒரு விளையாட்டு இது. எதிரே நிற்கும் ஒரே எதிராளி கடிகாரம். நூறு பிரதி அச்சிட்டு நண்பர்களுக்கு மட்டும் அனுப்பப்படும் சிற்றிதழ் நினைவுக்கு வருமானால் அதில் வியப்பில்லை. இப்படியொரு மறைவான களத்தில்தான் உலகின் மிகப் பெரிய மிதிவண்டி வீராங்கனைகளுள் ஒருவர் உருவானார்.

பெரில் பர்ட்டன் 1937 மே 12 அன்று வடக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் அவரை ருமாட்டிக் காய்ச்சல் தாக்கியது. மூட்டுகளை வதைத்து, இதயத்தையும் பழுதாக்கக்கூடிய நோய் அது. 9 மாதம் மருத்துவமனையிலும் 15 மாதம் தேறுதல் இல்லத்திலும் கழிந்தன. 1955இல் சார்லி பர்ட்டனை மணந்தார். மிதிவண்டிக் கழகத்துக்கு அவரை அழைத்துச் சென்றவர் கணவரே. அடுத்த ஆண்டு மகள் டெனீஸ் பிறந்தாள். 1959இல், திருமணமான நான்கே ஆண்டுகளில், பெரில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் துரத்தல் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவரை ஒருவர் துரத்தும் போட்டி அது. அப்பட்டத்தை ஐந்து முறையும், சாலைப் பந்தயத்தின் உலகப் பட்டத்தை 1960, 1967 ஆகிய ஆண்டுகளில் இரண்டு முறையும் வென்றார். பிரிட்டனில் பல்வேறு தொலைவுகளின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டு ஆண்டின் தலைசிறந்த ஓட்டக்காரரைத் தேர்வார்கள். 1959 முதல் 1983 வரை, 25 ஆண்டுகள் இடைவிடாமல், பெண்களுக்கான அப்பட்டம் அவருடையதாகவே இருந்தது.

இவற்றுக்கெல்லாம் கிடைத்த பொருள் என்ன என்று பார்த்தால் ஒன்றுமில்லை. தொழில்முறை ஒப்பந்தம் ஒன்று தேடி வந்தபோது அதை மறுத்துவிட்டார். மோர்லி என்ற ஊரில், சக மிதிவண்டி வீரரான நிம் கார்லைனின் ருபார்ப் பண்ணையில் கூலி வேலை செய்தார். ருபார்ப் என்பது சிவந்த புளிப்புத் தண்டுக்காக வளர்க்கப்படும் ஒரு செடி. அதன் வேர்க்கட்டைகளைத் தோண்டுவதும் சுமப்பதும் கடும் உழைப்பு. ஞாயிறு விடியலில் பந்தயம், திங்கள் காலையில் பண்ணை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மிதிவண்டிப் போட்டியே 1984இல்தான் சேர்க்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 47. உச்சத்தில் இருந்த காலமெல்லாம் அந்த மேடை அவருக்கு மூடியே கிடந்தது.

1967 செப்டம்பர் 17 அன்று யார்க்‌ஷயரில் நடந்த 12 மணி நேரப் போட்டியைப் பற்றி மிதிவண்டி விரும்பிகள் இன்றும் பேசுகிறார்கள். 12 மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதே போட்டி. ஆண்கள் முதலில் அனுப்பப்பட்டார்கள், பெண்கள் அவர்களுக்குப் பின்னால். பர்ட்டன் ஒவ்வொருவராகக் கடந்து, இறுதியில் முன்னணியில் இருந்த மைக் மெக்நமாராவையும் எட்டிப்பிடித்தார். கடக்கும்போது தம் பையிலிருந்த அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். அன்று மெக்நமாரா கடந்தது 276.52 மைல். ஆண்களுக்கான புதிய சாதனை அது. பர்ட்டன் கடந்தது 277.25 மைல், ஏறத்தாழ 446 கிலோமீட்டர். ஆண்களின் சாதனையைவிட ஒரு பெண்ணின் சாதனை உயர்ந்து நின்ற அந்நிலை 1969 வரை நீடித்தது. பெண்களுக்கான சாதனையாக அது 2017 வரை, முழுதாக 50 ஆண்டுகள், முறியாமல் இருந்தது.

* * *

இவ்வாழ்க்கையை 'நோயை வென்ற பெண்மணி' என்ற வாசகத்துக்குள் அடக்கிவிடுவது எளிது. உடற்பயிற்சியின் பெருமையைப் பேச விரும்புகிறவர்களுக்கு அது ஏற்றதொரு கதையாகவும் இருக்கும். நமக்கு அதில் உடன்பாடில்லை. பர்ட்டன் உடல்நலத்துக்காக மிதித்திருந்தால் மிகக் குறைவாகவே மிதித்திருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது. கடுமையான உழைப்பானால் 75 முதல் 150 நிமிடம். ஒரே நாளில் 12 மணி நேரம் மிதித்த ஒருவரை இந்த அளவுகோலால் அளக்க இயலாது. அவர் வேறேதோ ஒன்றைத் தேடிப் போனார். உடல்நலம், கிடைத்தவரையில், அந்தத் தேட்டத்தின் நிழலாக உடன் வந்தது.

நிழலைப் பிடிக்கப் போகிறவர்கள் நம்மைச் சுற்றி ஏராளம். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் சொன்ன மறுநாள் விலையுயர்ந்த மிதிவண்டி வாங்கப்படுகிறது. மணிக்கட்டில் இதயத் துடிப்பை எண்ணும் கருவி ஏறுகிறது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை எண்கள் இறங்குகின்றன. எண்கள் இறங்கியதும் மிதிவண்டி மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேருகிறது. நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிள்கள் பல வீடுகளில் துணி காயப்போடும் கொடியாகப் பணியாற்றுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இவர்களை இகழ்வது நம் நோக்கமன்று. மருந்தாக எடுத்துக்கொள்ளப்படும் எதுவும் நோய் தணிந்ததும் நிறுத்தப்படும், அது மருந்தின் இயல்பு. விருப்பத்துக்கு அந்த இயல்பு இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு புறப்படுகிறவரை எந்த மருத்துவச் சீட்டும் நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து எழுப்ப முடியாது. திருப்பத்துக்கு அப்பால் சாலை எப்படி இருக்கும் என்ற ஆவல் எழுப்பும். போன வாரம் ஏறிய மேட்டை இந்த வாரம் ஒரு நிமிடம் முன்னதாக ஏறிவிட முடியுமா என்ற சின்ன அகங்காரமும் எழுப்பும்.

நல்ல நூல்களைப் படித்தால் மொழியறிவு வளரும், தேர்வில் மதிப்பெண் கூடும் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சொல்வது உண்மைதான், ஆனால் அந்த உண்மையைக் கேட்டு எந்த மாணவரும் வாசகர் ஆனதில்லை. ஏதோ ஒரு கதையில் மனம் சிக்கிக்கொண்டவர் வாசகர் ஆகிறார். மதிப்பெண் பின்னால் வந்தால் வருகிறது.

* * *

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும், ஆனால் பாதி உண்மையோடு முடிந்துவிடும். விருப்பம் உடலைக் காக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. விருப்பத்துக்குள்ளேயே உடலைத் தின்னும் ஒரு பசியும் இருக்கிறது. பந்தயம் என்ற வடிவத்தில் அது வெளிப்படுகிறது.

சுவீடனில் ஆண்டுதோறும் நடக்கும் வாசலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியை முடித்த 52,000க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. அதிக முறை பங்கேற்றவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அதே போட்டியில் பங்கேற்போரின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அமெரிக்காவில் மிதிவண்டிச் சட்டங்களை வடிவமைப்பவரும் மிதிவண்டிப் பராமரிப்பு நூல்களால் புகழ்பெற்றவருமான லெனர்ட் ஜின், நடுவயதைக் கடந்தபின் இதயத் துடிப்புக் கோளாறுக்கு ஆளாகிப் பந்தயத்தை விட வேண்டியதாயிற்று. அவர் கிறிஸ் கேஸ், இதய மருத்துவர் ஜான் மாண்ட்ரோலா ஆகியோருடன் சேர்ந்து 2017இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எலும்பின் கதை இன்னொன்று. இருக்கையில் அமர்ந்து மிதிக்கும்போது உடலின் எடை எலும்புகளின்மேல் போதிய அளவு இறங்குவதில்லை. ஆகவே நெடுங்காலம் மிதிப்பதொன்றையே பயிற்சியாகக் கொண்டவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறையக்கூடும். மண்ணைத் தோண்டிச் சுமை தூக்கிய பர்ட்டனுக்கு அந்தக் குறை அவ்வளவாக இருந்திராது என்று ஊகிக்கலாம். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டு, மாலையில் இன்னோர் இருக்கையில் ஏறி அமரும் நம் காலத்தவர்க்கு அது பொருந்தாது.

உடல் மட்டுமன்று, உறவும் அந்தப் பசிக்கு இரையாகலாம். 1976இல் பிரிட்டனின் தேசியச் சாலைப் பந்தயத்தில் பர்ட்டனை ஒருவர் கடைசி நொடிகளின் பாய்ச்சலில் வென்றார். வென்றவர் அவருடைய மகள் டெனீஸ். பரிசு மேடையில் மகளின் கையைப் பற்றிக் குலுக்கத் தாய் மறுத்துவிட்டார். பந்தயத்தின்போது முன்னே நின்று காற்றைக் கிழிக்கும் வேலையில் மகள் தன் பங்கைச் செய்யவில்லை என்பது அவருடைய மனத்தாங்கல். 1986இல் வெளியான தம் தன்வரலாற்றில் அச்செயலைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். தாயும் மகளும் 1982இல் இருவர் மிதிக்கும் வண்டியில் சேர்ந்து ஏறி, 10 மைல் தொலைவை 21 நிமிடம் 25 நொடியில் கடந்து தேசிய சாதனை படைத்தார்கள் என்பது ஆறுதல். ஆயினும் அந்த மேடைக் காட்சியை நாம் மறைத்துப் பேசக்கூடாது. இருபது ஆண்டுகள் வென்று சலித்திருக்க வேண்டிய ஒருவர், தாம் பெற்று வளர்த்து வண்டியேற்றிவிட்ட பெண்ணிடம் தோற்கச் சம்மதிக்கவில்லை. விரும்புகிறவரின் இருண்ட பக்கம் அது.

பர்ட்டனுக்கு ஓய்வு என்ற ஒன்றே வாய்க்கவில்லை. பட்டங்கள் நின்ற பிறகும் பந்தயங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1996 மே 5 அன்று, தம் 59ஆம் பிறந்தநாள் விருந்துக்கான அழைப்பிதழ்களை நண்பர்களுக்குக் கொடுக்க மிதிவண்டியில் சென்றபோது இதயம் நின்று சாலையில் இறந்தார். சிறுவயது நோய் காரணமா, வாழ்நாள் முழுவதும் இட்ட உழைப்பு காரணமா என்று தீர்ப்புச் சொல்ல நாம் மருத்துவர்கள் அல்லர். 'விரும்பியதைச் செய்துகொண்டே இறந்தார், கொடுத்துவைத்தவர்' என்று சொல்லிக் கடந்துபோகவும் நமக்கு மனமில்லை. 58 வயது சாகும் வயதன்று. வேகமாக ஓட்டிய காலமெல்லாம் போனபின், மெதுவாக ஓட்டும் இன்பத்துக்கென்று அவருக்கு இன்னும் இருபது ஆண்டுகளாவது கிடைத்திருக்க வேண்டும்.

* * *

அந்த மெதுவான இன்பத்தை அடைந்த ஒருவரும் இருக்கிறார். பிரான்சின் ரோபேர் மார்ஷான் 1911 நவம்பர் 26 அன்று அமியேன் நகரில் பிறந்தார். உயரம் 1.52 மீட்டர். இளமையில் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தபோது, இந்த உடலை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் சாதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாரிசில் தீயணைப்பு வீரர், வெனிசுவேலாவில் லாரி ஓட்டுநர், கனடாவில் மரம் வெட்டுபவர் என்று பல தொழில்கள் பார்த்து, 1960 வாக்கில் தாயகம் திரும்பினார். மிதிவண்டியை மீண்டும் முறையாகத் தொட்டபோது வயது 67. 2014இல், தம் 102ஆம் வயதில், ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் சென்றார். 2017 ஜனவரியில், 105ஆம் வயதில், 22.547 கிலோமீட்டர். அந்த வயதுக்கென்று போட்டிப் பிரிவே இல்லாததால் அவருக்காகப் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. 2021 மே மாதம் 109ஆம் வயதில் இறந்தார்.

அவரை ஆராய்ந்த உடலியல் அறிஞர் வெரோனிக் பியா, நூறு வயதைக் கடந்த பிறகும் பயிற்சியால் அவருடைய உடல்திறன் உயர்ந்ததைப் பதிவு செய்தார். 101ஆம் வயதுக்கும் 103ஆம் வயதுக்கும் இடையில் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்ச அளவு 13 விழுக்காடு கூடியது. மிதிப்பின் உச்ச ஆற்றல் 90 வாட்டிலிருந்து 125 வாட்டாக ஏறியது. இதற்காக அவர் செய்த பயிற்சி ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு எளிதான, மூச்சு வாங்காத ஓட்டம். மீதமுள்ள ஒரு பங்கில் மட்டுமே கடும் முயற்சி. இந்த விகிதத்தில் நாம் காண்பது ஒரு மனப்பான்மையும்கூட. அவரும் கடிகாரத்தோடு போட்டியிட்டார், தம் எண்களை மறைக்கவில்லை. 26.927 என்பது மூன்றாண்டுகளில் 22.547 ஆனபோது அதைத் தோல்வி என்று யாரும் எண்ணவில்லை, அவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

தொழில்முறை ஓட்டக்காரருக்கு மருத்துவர் இருக்கிறார், பயிற்சியாளர் இருக்கிறார், முடிவுத் தேதியிட்ட ஒப்பந்தம் இருக்கிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் களமே அவரை வெளியே அனுப்பிவிடும். அமெச்சூரை அனுப்ப ஒருவருமில்லை. அது அவருடைய சுதந்திரம். போதும் என்று சொல்லவும் ஒருவருமில்லை என்பதால் அதுவே அவருடைய ஆபத்தும் ஆகிறது. ஆகவே எல்லையை அவரே வகுத்துக்கொள்ள வேண்டும். எதைக் கொண்டு வகுப்பது? உடல்நல எண்களைக் கொண்டு என்றால் பழைய மருந்துக் கணக்குக்கே திரும்பிவிடுவோம். பட்டங்களைக் கொண்டு என்றால் எல்லையே இல்லை. நமக்குத் தோன்றும் அளவுகோல் எளியது: நாளையும் மிதிக்க வேண்டும். உண்மையில் விரும்புகிறவர் விரும்பியது தொடர வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார். நெஞ்சு படபடத்துத் துடிப்பு தாளம் தப்பினால் இன்றைக்கு இறங்கி மருத்துவரைப் பார்ப்பதும், காய்ச்சலோடு பந்தயத்துக்குப் போகாதிருப்பதும், வாரத்தில் ஓரிரு நாள் கொஞ்சம் சுமை தூக்கி எலும்பைக் காப்பதும், வயதுக்கேற்ப எண்கள் இறங்குவதை ஏற்பதும் இந்த ஆசையிலிருந்தே பிறக்க முடியும். அப்போது உடல்நலம் விருப்பத்துக்குப் பணிவிடை செய்யும். இன்று பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

விருப்பம் வற்றிப் பந்தயம் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2012இல் நியூயார்க்கில் நடந்த கிரான் ஃபோண்டோ பந்தயத்தில் அமெச்சூர் ஓட்டக்காரர்கள் இருவர் எரித்ரோபொயட்டின் என்ற ஊக்கமருந்தைப் பயன்படுத்தியது பரிசோதனையில் வெளிப்பட்டது. இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்கும் மருந்து அது. தொழில்முறையாளர் அதை எடுத்துக்கொள்வதற்குப் பணம் என்ற கேவலமான காரணமாவது உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் தன் வயதுப் பிரிவில் முந்துவதற்காக ஒருவர் தன் இரத்தத்தைக் குழம்பாக்கிக்கொள்வதை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர் மிதிவண்டியை விரும்பவில்லை. தன்னைப் பற்றிய ஒரு படத்தை விரும்பினார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஓர் அமெச்சூரின் வாழ்க்கையை ஒருவர் மட்டும் வாழ்வதில்லை. பர்ட்டன் பந்தயங்களுக்குப் போன ஆண்டுகளில் குழந்தையைப் பார்த்துக்கொண்டதும், வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்ததும், பந்தயச் சாலைகளுக்கு உடன்போனதும் சார்லிதான். 1950களின் யார்க்‌ஷயர் உழைக்கும் குடும்பத்தில் ஓர் ஆண் இப்படி இருந்தது சாதாரணமன்று. பொதுவாக விருப்பம் ஆணுடையதாகவும் அதன் செலவு பெண்ணுடையதாகவும் இருக்கும். ஞாயிறு விடியலில் கணவர் மிதிவண்டியோடு புறப்பட்டால் பெருமை பேசும் நம் வீடுகள், மனைவி அப்படிப் புறப்பட்டால் காலைச் சிற்றுண்டி என்ன ஆவது என்று கேட்காதிருக்குமா? பர்ட்டனின் பட்டங்களில் ஒரு பாதி சார்லிக்கு உரியது என்பது நம் எண்ணம். விருப்பத்தைப் பற்றி உயர்வாகப் பேசுகிறவர்கள், அந்த விருப்பத்துக்காக வீட்டில் இன்னொருவர் எதைக் கைவிட்டார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பர்ட்டனின் ஊர் அவரை மறக்கவில்லை. மோர்லியில் அவர் பெயரால் ஒரு தோட்டம் இருக்கிறது. நடிகை மாக்சின் பீக் அவர் வாழ்க்கையை 2012இல் வானொலி நாடகமாக எழுதினார். 2014இல், டூர் டி பிரான்ஸ் பந்தயம் லீட்ஸ் நகரிலிருந்து தொடங்கிய அந்தக் கோடையில், அதே நகரில் அது மேடை நாடகமாகவும் வந்தது. உலகின் மிகப் பெரிய தொழில்முறைப் பந்தயம் ஓர் ஊருக்கு வந்தபோது, அவ்வூர் தன் கூலித்தொழிலாளியான அமெச்சூரை நினைத்துக்கொண்டது நமக்கு நிறைவளிக்கிறது.

'அமெச்சூர்' என்ற சொல்லுக்குப் பொருத்தமான தமிழை நாம் இனிமேல்தான் தேட வேண்டும். 'விழைஞர்' என்று யாரேனும் முன்மொழிந்தால் நம் வாக்கு அதற்கே. அதுவரை ஒன்று செய்யலாம். தெரிந்தவர் ஒருவர் மிதிவண்டி ஓட்டத் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டால், எத்தனை கிலோ இறங்கியிருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தச் சாலையில் போகிறீர்கள் என்று கேட்கலாம். அவர் சலிக்காமல் பதில் சொல்ல ஆரம்பித்தால், அந்த வண்டி மாடிப்படிக்கு அடியில் போகாது என்று நம்பலாம்.